ஒன்பது நாள் ஈரக்காற்று

போன மாதம் மாதாப்பூர் அலுவலகத்திலிருந்து ஸ்ரவந்தி என்ற பொறியாளர் கூப்பிட்டார். நான் விருப்ப ஓய்வில் வந்து இரண்டு வருடமாகிறது. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்காரத் தெரியாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கும் ஆள். போன் வந்தால் சந்தோஷம். எங்கள் செயற்கைக்கோள் நிலையத்தின் பழைய பதிவேடுகளையெல்லாம் கணினிக்கு மாற்றுகிறார்களாம்.

“சார், மத்த ஸ்டேஷன்ல எல்லாம் ட்ரை ஏர் மெஷினுக்கு ப்ரெஷர் மட்டும்தான் எழுதறாங்க. உங்க ஸ்டேஷன்ல மட்டும் ரெண்டு கட்டம் எக்ஸ்ட்ரா இருக்கு. ஒரு மணி நேரத்துல எத்தனை நிமிஷம் ஓடிச்சு, ஜெல் என்ன கலர். ஸ்க்ரீன்ல இடம் பத்தலை. எடுத்துடவா?”

“நக்கோ, வேண்டாம்” என்றேன், யோசிக்காமலே.

அவர் சிரித்தார். “அப்ப காரணம் எழுதிக் குடுங்க சார். ரெண்டு வரி போதும்.”

இரண்டு வரிக்குள் அது வரவில்லை. எழுத எழுத ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்கு இடம் விட்டு எழுதியது இது.

எங்கள் நிலையம் ஊரின் கிழக்கு விளிம்பில் இருந்தது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் காலை ஏழு மணிக்கு ஸ்டாஃப் பஸ் ஏறுவேன். தார்நாகா, ஹப்சிகுடா தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வீடுகள் மெலிந்து பாறைகள் தொடங்கும். யாரோ அடுக்கிவிட்டுப் பாதியில் எழுந்து போனதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள். அவற்றுக்கு நடுவே வானத்தைப் பார்த்து மல்லாந்த ஒரு வெள்ளைக் கிண்ணம். அதுதான் ஆண்டெனா. தொலைதூர ஊர்களின் சிறு மருத்துவமனைகளுக்கு நகரத்து மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது.

கருவி அறையிலிருந்து அந்தக் கிண்ணத்துக்குச் சமிக்ஞை ஒரு செப்புக் குழாய் வழியாகப் போகும். வேவ்கைட் என்போம். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் குழாய். அந்த வெறுமைதான் பாதை. அதில் ஈரம் புகுந்தால் சமிக்ஞையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். தண்ணீராகவே தேங்கிவிட்டால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து ட்ரான்ஸ்மிட்டரை அடிக்கும். குழாய்க்குள் பொறி பறக்கும்.

ஆகவே குழாயை உலர்ந்த காற்றால் நிரப்பி, வெளிக்காற்றைவிடச் சற்றே அதிக அழுத்தத்தில் வைத்திருப்போம். குழந்தை பலூன் ஊதுகிற அளவு அழுத்தம், அவ்வளவுதான். எங்காவது ஊசித்துளை இருந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர வெளியீரம் உள்ளே வராது. இதற்கென்று இடுப்பளவு உயரத்தில் ஒரு மெஷின். அது அறைக்காற்றை உறிஞ்சி, சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த உருளை வழியே தள்ளும். புதுச் செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலமாகக் கிடக்கிறதே, அந்த மணிகள்தான். எங்கள் மணிகள் காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. அழுத்தம் போதுமான அளவுக்கு வந்ததும் மெஷின் தானாக நிற்கும். நிற்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஹீட்டர் மணிகளைச் சூடாக்கிக் காயவைக்கும். மறுபடி நீலமாகும். அதாவது ஓய்வெடுத்தால்தான் அதனால் உலர்ந்த காற்றைத் தர முடியும். எனக்கு இதுவரை பிடிபடாத வித்தை இது.

பாலிடெக்னிக் மூன்று வருடம், பயிற்சி ஒரு வருடம், அதில் மெஷினைப் பற்றிச் சொல்லித்தந்தது அரைப்பக்கம். மீதியெல்லாம் வசுந்தரா மேடத்திடம்.

வசுந்தரா மேடம் நிலையத்தின் தலைவர். தெலுங்குக்காரர். என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ. காலையில் வந்ததும் நாற்காலிக்குப் போகமாட்டார். ஒவ்வொரு கருவி முன்னாலும் நின்று, வீட்டுக்கு வந்த உறவினரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ட்ரான்ஸ்மிட்டருக்கு, மோட்டார்களுக்கு, கடைசியாக உலர்காற்று மெஷினுக்கு. அந்த மெஷின் இரைச்சல் போடுகிறது என்று குளிர்சாதன அறையிலிருந்து வெளியேற்றி, கேபிள்கள் நுழையும் பக்கத்து அறையில் வைத்திருந்தோம். கதவில் சல்லடைத் தகடு, வெளிக்காற்று தாராளமாக வரும். அங்கும் போவார். திட்டிக் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார், அதுவும் ஒன்றே ஒன்று. பதில் தெரியாவிட்டால் “சரி” என்பார். அந்தச் சரியோடு நாள் முழுக்க நாம்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

இன்னொருவர் தனபால். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய முன்னோர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் கன்டோன்மென்ட்டுக்கு வந்தவர்கள். ஆண்டெனாமேல் ஏறுவது, கிரீஸ் போடுவது, நட்டு முடுக்குவது அவர் வேலை. அப்போதே பதினோரு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவர் பேசும் தமிழில் ஆற்காடும், தக்கனி என்ற இந்த ஊர் உருதுவும் ஒரே தட்டில் இருக்கும். என் வீட்டுத் திருநெல்வேலித் தமிழைக் கேட்டால், “இன்னா சார் இது, பாட்டா பேச்சா?” என்பார்.

இனி எங்கள் நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

குழாயின் கடைசி முனையில், கிண்ணத்தின் முதுகுப்புற அறைக்குள், ஒரு சின்னத் துவாரம் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது அதன் மூடியைக் கழற்றி, கீழேயிருந்து உலர்ந்த காற்றை ஓடவிட்டுப் பழைய காற்றை வெளியேற்றுவோம். ஒன்றரை மணி நேரம். பிறகு மூடுவோம். மூடி பித்தளை, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைக் கழற்றியவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பை கனத்தால் வேலை பாக்கி என்று பொருள். வேறு யாரும் அந்தத் துவாரத்தைத் தொடக்கூடாது. பாதியில் எவராவது அக்கறையாக அடைத்துவிட்டால் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடும் என்பதற்காக வந்த வழக்கம். யார் ஆரம்பித்தார் என்று தெரியாது. எழுதிவைத்த விதி இல்லை, ஆனால் எழுதிவைத்த எல்லா விதிகளையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தோம்.

இருபது வருடத்துக்கும் முன்னால் ஒரு ஜூலைத் திங்கட்கிழமை மூடியைக் கழற்றியவன் நான். மூன்று மணி. தூறல். ஏறுபவர்கள் கையெழுத்திட ஏணியடியில் ஒரு பதிவேடு இருக்கும். நோட்டு நனையுமே என்று திறக்காமல் ஏறினேன். மூடி பைக்குள் விழுந்தது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தக்காணத்து மழைக்கு முன்னுரை கிடையாது. உள்ளாடைவரை நனைந்துபோய் லாக்கரில் இருந்த மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஈரச்சட்டையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் உறையில் திணித்தேன். அடுத்து ஒரு ஒளிபரப்புச் சோதனை, அதற்கடுத்து தேநீர். ஐந்து மணிக்கு பஸ் ஹாரன் அடித்தபோது கை பழக்கத்தில் பையைத் தொட்டுப் பார்த்தது. காலி. காலிப் பை என்றால் வேலை முடிந்தது. என் கை அப்படித்தான் படித்திருந்தது. நான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மறுநாள் அழுத்தமானியில் முள் ஒரு மயிரளவு கீழே இருந்தது. எச்சரிக்கை வரும் அளவுக்கு இல்லை. மழைக்குளிரில் காற்று சுருங்கியிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் கொடுத்து, மெஷினின் குமிழைக் கால் சுற்றுத் திருப்பினேன். முள் இடத்துக்கு வந்தது. பதிவேட்டில் அழுத்தம் சரி என்று எழுதினேன். அடுத்த நாளும் சரி. அதற்கடுத்த நாளும் சரி. வேறு ஷிப்டில் வந்தவர்களும் அதையே எழுதினார்கள். பொய் எழுதவில்லை, முள் அங்கேதான் நின்றது. அதை அங்கே நிறுத்திவைக்க மெஷின் ஒரு நிமிடம்கூட ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் எங்களில் எவர் காதிலும் விழவில்லை. விடாமல் கேட்கும் சத்தத்தைக் காது தள்ளிவைத்துவிடுகிறது. ஓய்வில்லாததால் மணிகள் காயவில்லை. நீலம் வெளிறி, ஊதாவாகி, முழுக்க இளஞ்சிவப்பானது. ஈரத்துக்கென்று ஒரு எச்சரிக்கை மணி இருந்தது. மழைக்காலக் காலைகளில் சும்மாச் சும்மா அலறுகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே அதன் வயரைக் கழற்றிவைத்திருந்தோம்.

ஒன்பது நாள். உலர்காற்று மெஷின் ஒன்பது நாள் ஈரக்காற்றைக் குழாய்க்குள் ஊதியது. எந்த ஈரத்தை வெளியே நிறுத்த அதை வாங்கினோமோ அதையே, சரியான அழுத்தத்தில், கவனமாக.

பத்தாம் நாள் காலை பதினொன்றரைக்கு ஒளிபரப்பின் நடுவில் ட்ரான்ஸ்மிட்டர் விழுந்தது. ஏற்றினோம். விழுந்தது. மூன்றாம் முறை ஏற்றியபோது குழாய் போகும் பள்ளத்திலிருந்து ஒரு வாடை வந்தது, கருகிய பால் போல. வசுந்தரா மேடம் “போதும், தொடாதே” என்றார். மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, நேராகப் பக்கத்து அறைக்குப் போய் மெஷின்மேல் புறங்கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

“சங்கர், இது ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது?”

எனக்குத் தெரியவில்லை.

“சரி” என்றார்.

குழாய் தரைக்கடியில் போகும் பள்ளத்தில், மிகத் தாழ்ந்த இணைப்பின் போல்ட்டுகளைத் தனபால் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நான் பாத்திரம் பிடித்தேன். கடைசி போல்ட் தளர்ந்ததும் தண்ணீர் வந்தது. சுத்தமான, நிறமில்லாத தண்ணீர், ஒரு டம்ளர் இருக்கும். இணைப்பின் உள்விளிம்பில் கறுப்பாக ஒரு தீக்காயம். தனபால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆண்டெனாமேல் ஏறினார். மேலேயிருந்து குரல் வந்தது.

“மேடம், மூடி காணோம்.”

மூடியை நானே மாட்டிவிட்டேன் என்றுதான் அந்த நிமிடமும் நம்பினேன். ஏணிப் பதிவேட்டில் கடைசிப் பெயர் தனபால், செவ்வாய்க்கிழமை, கிரீஸ் போட ஏறியது. மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நானும் பார்த்தேன். பிறகு மேலே, ஏணியில் இறங்கிவரும் தனபாலைப் பார்த்தேன். என்ன பார்வை பார்த்தேன் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த மாதம் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் தனபால் பெயர் இருந்தது. அன்று மாலையே தலைமையகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது: நாளை விசாரணை, அதுவரை அவர் பெயரை நிறுத்திவையுங்கள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி பார்வதியிடம் நடந்ததைச் சொன்னேன். பித்தளை மூடி என்றதும் அவள் ஃப்ரிட்ஜ் தலைமேல் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

“இதுதானா பாருங்க. அன்னைக்கு ஈரச்சட்டையில கெடந்துச்சு. என்னதுன்னு அப்பமே கேட்டேம்லா? பேப்பர்ல தலைய விட்டுக்கிட்டு ஆட்டு ஆட்டுனு ஆட்டுனீய.”

கையில் வாங்கினேன். அவள் துலக்கிவேறு வைத்திருந்தாள்.

“அப்ப அந்தத் தனபால் அண்ணன் மேல பழியா?” என்றாள். “நீங்க போய் சொல்லிருவீயள்ளா?”

“சொல்லத்தான் போறேன்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு நிலையத்தில் இறங்கினேன். எட்டு மணிக்குச் சொல்லவில்லை. எனக்கும் அந்த மாதம் பதவி உயர்வு நேர்முகம் இருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். ஒன்பதுக்குச் சொல்லவில்லை. பாறைகளுக்குப் பின்னால் போய் நின்றேன், திரும்பி வந்தேன். பையில் மூடி. அப்படிக் கனத்த பொருளை நான் சுமந்ததில்லை.

பத்து மணிக்கு விசாரணை தொடங்கியது. தலைமையகத்து அதிகாரி வேகமாக எழுதுகிற மனிதர். தனபாலைத்தான் முதலில் கூப்பிட்டார். அதிகாரிக்கு இந்தி வரும், தமிழ் வராது. தனபால் தக்கனியில் சொன்னதற்கு வாசலில் நின்ற நான் சாட்சி, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“செவ்வாய்க்கிழமை நீ மேலே போனாய். காற்றுச் சத்தம் கேட்டதா?”

“ஹவ் சாப், கேட்டது.”

“திறந்திருப்பது தெரிந்தும் ஏன் அடைக்கவில்லை?”

“மூடி தொறந்தவன் பையில இருக்கும். அடுத்தவன் தொறந்ததுல நாங்க கை வைக்கறதில்ல.”

“திறந்தது யார்?”

தனபால் மேஜையைப் பார்த்தார். “அது நான் சொல்ற விஷயம் இல்ல சாப்.”

அதிகாரி எழுதிக்கொண்டே போனார். கடைசியாக ஏறியவர் இவர், சத்தம் கேட்டும் விட்டுவிட்டார், பெயர் சொல்ல மறுக்கிறார். வெளியே வந்த தனபால் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நான் பக்கத்தில் போனேன்.

“இன்னாத்துக்கு சார் இப்டி வேர்க்குது உங்களுக்கு?” என்றார். “போய் ஃபேன் கீழ உக்காருங்க.”

பன்னிரண்டரைக்கு எழுந்து போனேன். தைரியம் வந்து போகவில்லை, நிற்க முடியாமல் போனேன். அதிகாரியின் தாள்களுக்கு நடுவே மூடியை வைத்தேன். திங்கட்கிழமை திறந்தது நான், பதிவேட்டில் கையெழுத்திடாதது நான், குமிழைத் திருப்பி முள்ளைச் சரிசெய்ததும் நான் என்று சொன்னேன். மூன்று வாக்கியம். காலையிலிருந்து நான் தயாரித்த முப்பது வாக்கியமும் எங்கே போயின என்று தெரியவில்லை.

வசுந்தரா மேடம் மூடியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பி அதன் மறை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒருமுறை ஊதினார். என்னிடம் நீட்டினார்.

“நல்ல நிலையில் இருக்கிறது. போய் மாட்டிவிட்டு வா. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறு.”

அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, கோபமும் இல்லை. நான் வாசலைத் தாண்டும்போது அதிகாரியிடம் அவர் சொன்னது கேட்டது: “எழுதுவதென்றால் என் பெயரையும் எழுதுங்கள். மணியின் வயரைக் கழற்றச் சொன்னது நான். அது ஒலித்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.”

குழாயை உலர்த்த நான்கு நாள் ஆனது. கருகிய இணைப்பை மாற்றினோம். ரப்பர் வளையங்களை எல்லாம் புதிதாகப் போட்டோம். நைட்ரஜன் சிலிண்டரை இணைத்து, மெல்ல, மிக மெல்ல ஓடவிட்டு, மறுமுனையில் வரும் காற்றைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்போம், உட்புறம் மூட்டம் படிகிறதா என்று. முதல் நாள் படிந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம். நான்காம் நாள் கண்ணாடி கண்ணாடியாகவே இருந்தது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று தேடினோம். மேடம் கான்வாஸ் ஷூவோடு பள்ளத்தில் இறங்கி எங்களோடு தேடினார். மணி மறுபடி இணைக்கப்பட்டது. மூடியை ஒரு சங்கிலியால் துவாரத்தோடேயே கட்டிவிட்டோம். ஸ்ரவந்தி கேட்ட அந்த இரண்டு கட்டங்களை மேடம் தன் கையாலேயே ஸ்கேல் வைத்துப் பதிவேட்டில் கோடு போட்டுச் சேர்த்தார். முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்காதே, அதை அங்கே நிறுத்த என்ன பாடு படுகிறது என்றும் கேள். காரணம் இதுதான், ஸ்ரவந்தி.

என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. மேடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கோப்பில் போட்டார். தனபாலின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. அடுத்த மாதம் நிரந்தர ஆணை வந்த அன்று எல்லோருக்கும் இரானி கடையிலிருந்து உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வந்தார். எனக்கு இரண்டு அதிகம். இருபது வருடத்துக்கும் மேலாக, அந்த இரண்டு பிஸ்கட்டை அவருடைய நன்றி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவர் வேலையைக் காப்பாற்றியவன் அல்லவா. வெளியே சொன்னதில்லை, உள்ளே அப்படி ஒரு நினைப்பு வசதியாக உட்கார்ந்திருந்தது.

இதை எழுதும்போது சந்தேகம் வந்து, போன வாரம் தனபாலுக்குப் போன் போட்டேன். அவரும் ஓய்வு பெற்றுச் சில வருடமாகிறது. பேரன் பக்கத்தில் தெலுங்கில் ஏதோ அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

“தனபாலண்ணே, அந்தத் திங்கக்கிழமை மூடியக் கழட்டுனது நான்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எப்பவா? அன்னிக்கே தெரியும் சார். தூறல்ல நீங்க ஏறுனத ஷெட்ல இருந்து பாத்துக்கினுதான இருந்தேன். செவ்வாய்க்கெழம சத்தம் கேட்டப்ப, சரி, சங்கர் சார் மறுபடியும் ஓடவிட்டுக்கினு கீறாரு போலன்னு வந்துட்டேன்.”

“பெறகு ஏன் அதிகாரிகிட்ட சொல்லல?”

“சொல்லாம உட்டுடுவேன்னு நெனச்சீங்களா?” சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். “எனக்கும் புள்ளகுட்டி கீதே சார். பதினோரு வருஷம் அந்த லிஸ்ட்டுக்குக் காத்துக்கினு இருந்தவன். மேடம்கிட்ட காத்தாலயே சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னீய?”

“ஆள் யாருன்னு எனக்குத் தெரியும் மேடம், நல்ல மனுஷன், அவரே வருவாரு, மத்தியானச் சோறு வரைக்கும் டைம் குடுங்க, வரலன்னா நானே பேரச் சொல்லிடறேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க.”

அன்றைய காலை முழுவதும் என் கண்முன் திரும்பிப் போனது. எட்டு மணி, ஒன்பது மணி, பாறைகள், வியர்வை. நான் தனியாக நடந்ததாக நினைத்த அந்த நேரத்தை இரண்டு பேர் சேர்ந்து எனக்காக நீட்டிப் பிடித்திருக்கிறார்கள். மேடத்துக்கு இனி போன் போட முடியாது. அவர் போய் மூன்று வருடமாகிறது. அதனால் இங்கேயே எழுதிவைக்கிறேன்: நன்றி மேடம்.

“சோறு எத்தன மணிக்கு அன்னைக்கு?” என்று கேட்டேன்.

“எப்பவும்போல ஒரு மணிக்குத்தான். நீங்க பன்னெண்டரைக்கு உள்ள போனீங்க. எனக்கு அதுக்கு மேல பசி தாங்கல சார், டிபன் பாக்ஸத் தொறந்துட்டேன்.”